நாய்க்கடி வழக்குகளில் நடத்தை மதிப்பீடு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நாய்க்கடித் தகராறு பெரும்பாலும் படலையடியில் தொடங்குகிறது. அங்கிருந்து பொலிஸ் நிலையம், மத்தியஸ்த சபை, சில வேளைகளில் நீதவான் நீதிமன்றம் என்று நீண்டு போகிறது. போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: இந்த நாய் ஆபத்தானதா, இல்லையா? மிருக வைத்தியம் செய்பவன் என்பதால், வளர்ப்பவர்களும் கடிபட்டவர்களும் சட்டத்தரணிகளும் இதுபற்றி என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் வழக்கின் சட்ட நுணுக்கங்களுக்குச் சட்டத்தரணியிடமே போக வேண்டும். நான் நாயைப் பற்றிப் பேசுகிறேன்.

நடத்தை மதிப்பீடு என்றால் என்ன?

ஒரு நாயின் வரலாறு, உடல்நிலை, அது வாழும் இடம், சம்பவம் நடந்த விதம், நேரில் அது நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவர் ஆராய்ந்து எழுத்தில் தரும் கருத்து. நல்ல நாய், கெட்ட நாய் என்ற தீர்ப்பை அதில் எதிர்பார்க்க வேண்டாம். எந்தச் சூழ்நிலையில் கடித்தது, அந்தச் சூழ்நிலை மறுபடி வருமா, வந்தால் எவ்வளவு காயம் உண்டாகலாம், அதை வராமல் தடுக்க அந்த வீட்டாரால் முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் அது பதில் தேடுகிறது.

நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை வழக்கின் முடிவு அதில்தான் தங்கியிருக்க வேண்டும். பயந்து கடிக்கும் நாய் ஒன்று, உயர்ந்த மதிலும் பூட்டுப் போட்ட கேற்றும் பொறுப்பான பெரியவர்களும் உள்ள வீட்டில் பல ஆண்டுகள் யாருக்கும் தீங்கின்றி வாழ்ந்து முடிக்கலாம். அதே நாய், கொழுக்கி கழன்ற தகரப் படலைக்குப் பின்னால் இருந்தால் அடுத்த கிழமையே பேப்பர் போடும் பையனைக் கடிக்கலாம்.

கடிபட்டவுடன் மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டுமா?

வேண்டாம். முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். பிறகு நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. உரிய நேரத்தில் ஊசி போட்டால் வராமல் தடுத்துவிடலாம். காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு இரண்டு நாள் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்துச் சோறும் தண்ணீரும் கொடுத்துக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் கண்காணிப்பைச் சொல்கிறது. இலங்கையில் வழக்கமாக 14 நாட்கள். அந்த நாட்களில் நாய் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை வைத்தியர் அதைக் கொண்டு முடிவு செய்வார். நாய் இடையில் செத்தால் அதன் மூளையைப் பரிசோதிக்க வேண்டும். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அந்தப் பரிசோதனை நடக்கிறது. தலையில் அடித்துச் சிதைத்த நாயில் அதைச் செய்வது கடினம்.

நடத்தை மதிப்பீட்டின் முறை இந்தக் கண்காணிப்புக் காலம் முடிந்த பின்னரே வருகிறது. விசர் பிடித்த நாயின் நடத்தை நோயின் நடத்தை. அதில் குணம் பார்க்க ஒன்றுமில்லை.

இலங்கைச் சட்டத்தில் இதற்கு இடமுண்டா?

நாய் நடத்தை மதிப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை. ஆனால் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 45ஆம் பிரிவில், விஞ்ஞானம் சார்ந்த விடயங்களில் தேர்ச்சி பெற்றவரின் கருத்தை நீதிமன்றம் ஏற்க இடமளிக்கிறது. மிருக வைத்தியரின் அறிக்கை அந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம். ஏற்பதும் தள்ளுவதும் நீதவானின் தற்றுணிபு.

விசர்நோய் தொடர்பான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. தன் பொறுப்பிலுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். நட்டஈடு கேட்பது குடியியல் வழக்கு. இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இரண்டு: நாய் இப்படிச் செய்யும் என்று வளர்ப்பவர் அறிந்திருந்தாரா? அறிந்தும் என்ன செய்தார்? நடத்தை மதிப்பீடு இந்த இரண்டுக்கும் ஆதாரம் தருகிறது. சில வேளைகளில் அது வளர்ப்பவருக்கு எதிரான ஆதாரமாகவும் அமைந்துவிடுகிறது.

மத்தியஸ்த சபையில் பேசி முடிக்க முடியாதா?

அயலவர்களுக்கிடையேயான சிறு காயங்களில் அதுதான் நல்லது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளில், சிகிச்சைச் செலவைக் கொடுத்து, மதிலை உயர்த்தி, நாயைப் பகலில் அடைத்து வைப்பதாக எழுதிக் கையெழுத்திட்டால் இரு வீட்டாரும் மறுபடி முகம் பார்த்துப் பேசலாம். அங்கே இருபது பக்க அறிக்கை தேவையில்லை. ஒரு பக்கத்தில், செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.

மதிப்பீட்டை யார் செய்யலாம்?

பதிவு பெற்ற மிருக வைத்தியர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 1993 முதல் நடத்தை மருத்துவம் மிருக வைத்தியத்தின் தனிச் சிறப்புத்துறை. இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் ஒரே பீடம் பேராதனையில் இருக்கிறது. வடக்கில் இந்தத் துறையில் மட்டும் ஈடுபடுபவரைத் தேடிக் களைத்துப் போகாமல், நாய்களின் நடத்தையைப் படித்தறிந்த மிருக வைத்தியரை அணுகுங்கள்.

நாய்ப் பயிற்சியாளரின் உதவி மதிப்புள்ளது. ஆனால் கீழ்ப்படிதல் பழக்குவதும் ஆபத்தை மதிப்பிடுவதும் வெவ்வேறு வேலைகள். "இரு" என்றால் இருக்கும் நாயும் கடிக்கும். அந்த நாய்க்கு ஏற்கெனவே பழகிய வைத்தியர், வளர்ப்பவரின் உறவினர், அந்த நாயை விற்றவர் ஆகியோர் ஒதுங்கிக்கொள்வதே முறை.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

முதல் வேலை நாயைப் பார்ப்பதல்ல. பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைக் குறிப்பு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, காயத்தின் படங்கள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் வாசித்து முடிக்க வேண்டும். பிறகு வளர்ப்பவரோடும் கடிபட்டவரோடும் நேரில் கண்டவர்களோடும் தனித்தனியே பேச வேண்டும். ஒரே விறாந்தையில் எல்லோரையும் இருத்திக் கேட்டால் குரல் உயர்ந்தவரின் கதைதான் மிஞ்சும். "திடீரென்று பாய்ந்தது" என்பார்கள். எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது, படலை எவ்வளவு திறந்திருந்தது, நாய்க்கு முன்னால் சாப்பாடு இருந்ததா, குட்டிகள் இருந்தனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அந்தத் "திடீர்" மெல்ல விரியும்.

இரண்டாவது, உடற்பரிசோதனை. கோண்டாவில் பக்கத்து வீடொன்றில், தன்னைக் கட்டியணைத்த சிறுவனின் கன்னத்தைக் கடித்த நாயைப் பார்க்கப் போனேன். ஏழு ஆண்டுகள் ஒருவரையும் கடிக்காத நாய். வாய்மூடி போட்டு இடது காது மடலைத் தூக்கினேன். உள்ளே கறுத்த அழுக்கு. அதன் அடியில் சீழ். விரல் பட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்து முனகியது. சிறுவன் கை போட்டதும் அந்தப் பக்கம்தான். வலி இருந்ததால் கடி மன்னிக்கப்பட வேண்டும் என்று அறிக்கையில் எழுதவில்லை. ஆனால் காரணம் சிகிச்சைக்கு உட்பட்டது என்று எழுத முடிந்தது. மூட்டுவாதம், பல்வேர்ச் சீழ், பார்வை மங்கல், வலிப்பு போன்றவற்றையும் இப்படியே தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நாயை அதன் வளவில் கவனிப்பது. நான் முதலில் ஒழுங்கையில் நின்று பார்க்கிறேன். சைக்கிள் போகும்போது என்ன செய்கிறது? மீன்காரரின் ஹோர்ன் சத்தத்துக்கு? வேலியில் எங்கே ஓட்டை? பிறகு உள்ளே போய், இரண்டு கயிறு பிடித்து, முன்கூட்டியே பழக்கிய வாய்மூடியோடு, அந்நியர் நெருங்குவது, குடை விரிவது, சாப்பாட்டுத் தட்டருகே நீண்ட தடியில் பொருத்திய செயற்கைக் கை வருவது என்று படிப்படியாகச் சில சூழ்நிலைகளை உண்டாக்குகிறோம். நாய் தடுமாறும் முதல் அறிகுறியிலேயே நிறுத்திவிட வேண்டும். கடிக்கும் வரை சீண்டிப் பார்த்துவிட்டு "கடித்தது" என்று எழுதுபவர் நாயையும் நீதிமன்றத்தையும் ஏமாற்றுகிறார்.

அறிகுறிகள் சிறியவை. பார்க்கப் பழகாத கண்ணுக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நாய் கொட்டாவி விடும். நாக்கால் மூக்கை ஒரு தரம் தொடும். முகத்தை அப்பால் திருப்பும். ஆனால் கண் உங்களைவிட்டு விலகாது, ஓரத்தில் வெள்ளை விழி பிறையாகத் தெரியும். பிறகு திறந்திருந்த வாய் மூடும். மூச்சிரைப்பு நிற்கும். உடல் அப்படியே இறுகும். இந்த இறுக்கம் ஒரு விநாடி இருந்தாலே பெரிது. வால் அப்போதும் ஆடிக்கொண்டிருக்கலாம். "வாலை ஆட்டியதே, பிறகேன் கடித்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: வால் ஆடுவது நாய் கிளர்ச்சியடைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

உறுமும் நாயை அடித்து அடக்காதீர்கள் என்றும் இங்கே சொல்ல வேண்டும். உறுமல் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து நிறுத்திய வீட்டில் நாய் சத்தமில்லாமல் கடிக்கக் கற்றுக்கொள்கிறது.

முழு அமர்வையும் வெட்டாமல் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு அதைக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

கடியின் கடுமையை எப்படி அளக்கிறீர்கள்?

மிருக வைத்தியர் இயன் டன்பார் வகுத்த ஆறு படிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. பல் தோலில் படாமல் பாய்வதும் கவ்வ முயல்வதும் முதற்படி. பல் பட்டும் தோலில் துளை விழாதது இரண்டாம் படி. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காதவை, மூன்றாம் படி. அவற்றில் ஒன்றாவது பாதி நீளத்தைத் தாண்டி இறங்கியிருந்தால், அல்லது நாய் விடாமல் பிடித்து உலுப்பியிருந்தால், நான்காம் படி. நான்காம் படிக் கடிகள் பல ஒரே சம்பவத்தில் விழுந்தால் ஐந்தாம் படி. மரணம் ஆறாம் படி.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலுள்ள கோடு பெரிது. மூன்றாம் படி நாய் கடித்து விட்டுவிட்டது. தன் தாடையை அடக்கிக்கொண்டது. நான்காம் படி நாய் அடக்கவில்லை. அதனால்தான் காயத்தின் படம் முக்கியம். தையல் போடுவதற்கு முன், பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கையை இழுத்ததால் கிழிந்த காயமும் நாய் உலுப்பியதால் கிழிந்த காயமும் வெவ்வேறு. படம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியால் அதைச் சொல்ல முடியும்.

மாதக்கணக்கில் சங்கிலியில் அல்லது கூண்டில் கிடந்த நாயை அங்கேயே மதிப்பிடலாமா?

மதிப்பிடலாம், ஆனால் அந்த முடிவின் எடை குறைவு. ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கும் நாய்க்கு விலகிப் போக வழியில்லை. விலக முடியாத நாய் முன்னேறிப் பாயும். அதைக் கண்டு "கொடூர குணம்" என்று எழுதினால் சங்கிலியின் விளைவை நாயின் தலையில் போட்டதாகும். எதிர்மாறாகவும் நடக்கிறது: பயத்தில் முற்றாக ஒடுங்கிப்போன நாய் யார் தொட்டாலும் அசையாது, அதை "சாது" என்று எழுதிவிடுவார்கள். வீடு திரும்பி ஒரு மாதத்தில் அதன் பழைய குணம் வெளிவரும். முடிந்தால் வேறொரு நாளில், வேறோர் இடத்தில் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அளவோடு. கரி பட்ரொனெக்கும் ஜானிஸ் பிராட்லியும் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, காப்பகங்களில் ஒரே அமர்வில் நடத்தும் நடத்தைச் சோதனைகளால் ஆபத்தான நாயைச் சரியாகக் கண்டறிவது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானதல்ல என்று வாதிட்டது. உண்மையில் கடிக்கும் நாய்கள் குறைவாக உள்ள கூட்டத்தில், ஓரளவு நல்ல சோதனைகூடச் சாதுவான பல நாய்களை ஆபத்தானவை என்று தவறாகக் காட்டிவிடும் என்பதே அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கை நான் ஏற்கிறேன்.

அதனால்தான் சோதனையை மட்டும் வைத்து எழுதிய அறிக்கையை நம்பாதீர்கள் என்கிறேன். நாய் வாழ்ந்த ஆண்டுகளின் வரலாறு அரை மணி நேரச் சோதனையைவிடக் கனமானது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சேர்பெல் குழுவினர் உருவாக்கிய விரிவான வினாக்கொத்தில் நாயோடு வாழ்பவரிடமே அந்த வரலாறு கேட்கப்படுகிறது. வழக்கில் மாட்டியவர் உண்மையை மறைக்கலாம் என்பது அதன் குறை. ஆகவே அயலாரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ரொட்வீலர், பிட்புல் என்றால் இனத்தைக் கொண்டே சொல்லிவிடலாமே?

பெரிய தாடை பெரிய காயத்தை உண்டாக்கும். அந்த அளவுக்கு இனம் முக்கியம். அதற்கு மேல் இனம் அதிகம் சொல்வதில்லை.

ஜேர்மனியின் லோவர் சக்சனி மாநிலம் 2000இல் சில இனங்களுக்குக் கட்டாய குணச் சோதனை கொண்டுவந்தது. பின்னர் ஹனோவர் மிருக வைத்தியப் பல்கலைக்கழகத்தினர் அதே சோதனையைக் கோல்டன் ரிட்ரீவர் நாய்களுக்கும் நடத்தி ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிரித்தானியா 1991இல் இனங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றி, 1997இல் நீதிமன்றங்களுக்கு அதில் தற்றுணிபு வழங்கியது.

பெல்பாஸ்ட் நகரில் லெனொக்ஸ் என்ற நாய்க்கு நடந்ததை நினைத்தால் இன்றும் வேதனைதான். 2010இல் பிட்புல் சாயல் இருக்கிறதென்று நகரசபை அதைக் கைப்பற்றியது. அது யாரையும் கடித்ததில்லை. நகரசபையின் நிபுணர் ஆபத்து என்றார். குடும்பத்தினர் அழைத்த நிபுணர்கள் இல்லை என்றார்கள். இரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்து, 2012 ஜூலையில் நாய் கொல்லப்பட்டது.

எங்கள் ஊர்களில் இதன் மறுபக்கத்தைத்தான் அதிகம் காண்கிறேன். வெளிநாட்டு இனக் குட்டியை வாங்கி, மதிலில் "நாய் கவனம்" என்று எழுதி, யாரோடும் பழக விடாமல் கூண்டிலேயே வளர்க்கிறார்கள். மனிதரைப் பார்த்தே பழகாத நாய், கூண்டு திறந்துபோன நாளில் என்ன செய்யும் என்று எதிர்பார்த்தார்கள்?

எங்கள் நாய் பிள்ளைகளோடு விளையாடும் காணொளி இருக்கிறது. போதாதா?

உதவும், போதாது. வீட்டுப் பிள்ளைகளோடு அன்பாக இருப்பதும் ஒழுங்கையில் வரும் அந்நியரைக் கடிப்பதும் ஒரே நாயில் இயல்பாகவே இருக்கின்றன. தடுப்பூசிப் பதிவு, உள்ளூராட்சி சபையில் பதிவு செய்த சான்று, வைத்தியரிடம் காட்டிய துண்டுகள், முன்பு யாரேனும் முறையிட்டிருந்தால் அதன் பின் செய்த திருத்த வேலை ஆகியவை கூடிய பெறுமதி உள்ளவை. முன்பு கடித்ததை மறைக்காதீர்கள். அயலவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால், மறைத்ததே மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

யாருடையதும் அல்லாத நாய் கடித்தால் யாரை மதிப்பிடுவது?

"யாருடையதும் அல்ல" என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஒழுங்கை நாய்க்கு இரண்டு மூன்று வீட்டில் சோறு வைப்பார்கள். வழக்கு என்றதும் அது கட்டாக்காலி ஆகிவிடும். யார் வைத்த சோறு, யார் வீட்டு வாசலில் படுக்கிறது, யார் கூப்பிட்டால் வருகிறது என்று பார்க்கலாம். பொறுப்பைச் சுமத்துவது நீதிமன்றத்தின் வேலை. குட்டி போட்ட பெட்டை நாய் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் அதன் சீற்றம் அடங்கிவிடும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தால் அடுத்த முறை அந்தச் சிக்கல் வராது.

நாய் வதைக்கப்பட்ட வழக்குகளிலும் மதிப்பீடு உண்டா?

உண்டு, அங்கே அது நாயின் உயிரைக் காக்கும் கருவி. 2007இல் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டைக் கூடத்திலிருந்து மீட்கப்பட்ட பிட்புல் நாய்களை, அதுவரை இருந்த வழக்கப்படி, எல்லாவற்றையும் கொன்றிருப்பார்கள். ஆனால் இந்த முறை நிபுணர் குழு ஒன்று அவற்றை ஒவ்வொன்றாக மதிப்பிட்டது. அவற்றின் நலனைப் பார்க்கச் சட்டப் பேராசிரியர் ஒருவரை நீதிமன்றம் நியமித்தது. மதிப்பிடப்பட்ட 49 நாய்களில் சீற்றத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றுதான். மற்றவற்றில் பல சாதாரண வீடுகளில் வளர்ந்தன.

இலங்கையில் மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி விதிக்கக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா. இன்று அந்தப் பணத்துக்கு ஒரு இறாத்தல் பாண்கூட வாங்க முடியாது. அந்தச் சட்டம் மாறவேண்டும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

"இந்த நாய் இனிமேல் கடிக்காது" என்று எழுதித் தருவீர்களா?

மாட்டேன். அப்படி எழுதித் தருபவரிடம் போகவும் வேண்டாம். பல் உள்ள எந்த நாயைப் பற்றியும் அந்த உறுதியைக் கொடுக்க முடியாது. இன்ன நிபந்தனைகள் பேணப்பட்டால் ஆபத்து குறைவு, பேணப்படாவிட்டால் அதிகம் என்று எழுதலாம். நிபந்தனைகளையும் அளந்து பார்க்கக்கூடியவையாக எழுத வேண்டும். "நாயைக் கவனமாக வைத்திருக்க வேண்டும்" என்பது வெறும் சொல். "மதில் ஆறடி, படலைக்கு உள்பக்கம் இன்னொரு படலை, வெளியே கூட்டிப்போகும்போது வாய்மூடி, பிடிப்பவர் வயது வந்தவர்" என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ கிராம அலுவலரோ வந்து பார்த்துச் சொல்லலாம்.

பணம் கொடுப்பவருக்காக அறிக்கை மாறக்கூடாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் அத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

நாயைக் கருணைக்கொலை செய்யச் சொல்வீர்களா?

சில வேளைகளில், ஆம். நான்காம் படிக்கு மேலான கடி, கண்டறியக்கூடிய காரணம் இல்லாமை, மறுபடி நடந்த சம்பவம், நிபந்தனைகளைப் பேண முடியாத வீடு ஆகிய நான்கும் சேர்ந்துவிட்டால் வேறு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்ய வேண்டியது மிருக வைத்தியர், ஊசி மூலம், வலியின்றி. நஞ்சு வைப்பதும் தூரக் கொண்டுபோய் வேறு ஊரில் விடுவதும் கூடாது. தீவகத்துக்குக் கொண்டுபோய் விட்ட நாய் அங்கேயும் ஒரு பிள்ளையைக் கடிக்கும்.

கடிபட்ட பிள்ளையை மதிப்பீட்டுக்குக் கூட்டி வர வேண்டுமா?

ஒருபோதும் வேண்டாம். "பிள்ளையைப் பார்த்தால் நாய் என்ன செய்கிறதென்று பார்ப்போம்" என்று பெரியவர்களே கேட்கிறார்கள். அது பிள்ளையை இரண்டாம் முறை காயப்படுத்துவது. பிள்ளையின் உயரத்தில் ஒரு பொம்மையை வைத்துப் பார்க்கலாம். நாய்க்கு அது பொம்மையென்று சீக்கிரம் தெரிந்துவிடும், ஆகவே அதில் கிடைக்கும் விடைக்கும் எல்லையுண்டு. பிள்ளையிடம் கேட்க வேண்டியிருந்தால், நாய் இல்லாத இடத்தில், பெற்றோர் அருகில் இருக்க, ஒரே தடவை கேட்கிறேன். பொலிஸில் தெளிவான வாக்குமூலம் ஏற்கெனவே இருந்தால் அதன் பிரதியை மட்டும் கொண்டு வாருங்கள். பிள்ளை பாடசாலைக்குப் போகட்டும்.